ஒன்பதாம் பாகம்

"எக்கா, நாலு மணிக்கு பங்குச் சாமியார் வந்துருவாரு. அப்பா பேசுத மாதிரி ஒரு வீடியோ இருந்தா தாங்க, லைவ்ல முதல்ல போட்டுருவோம்" என்று வாசலில் நின்று அவசரப்படுத்தினான் லிஜோ. இனயம் ஊரில் அடக்கத்துக்கு வர முடியாத வெளிநாட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் அவன் கேமராதான் கண்.

பிரிஜா அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தாள். கூடத்தில் அப்பா யூஜின் சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

மஸ்கட்டிலிருந்து மற்றவர்கள் சேலையும் சோப்புமாகக் கொண்டுவந்த காலத்தில், அங்கே டிவியில் ஓடிய விண்வெளித் தொடரைப் பதிமூன்று கேசட்டில் பதிந்து கொண்டுவந்த மனுஷன். ஊரே சிரித்தது. பிற்பாடு டிவி நிலையத்திலேயே அந்தத் தொடர் அழிந்துபோனது தெரிந்ததும், ஒவ்வொரு பாகமாக இணையத்தில் ஏற்றினார். எங்கெங்கிருந்தோ நன்றி வந்தது. ஒன்பதாம் பாகம் எங்கே என்ற கேள்வியும் வந்தது.

அதை அழித்தவள் பிரிஜா. அவள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று வீடியோக்காரரிடம் கேசட் தீர்ந்துபோக, எட்டு வயதுக்காரி அலமாரியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டாள்; அதன் மேலேயே அவர் பதிந்துவிட்டார். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முப்பது வருஷமாக மன்னிப்புக் கேட்க வாய் வராமல், பெட்டி மூடும் நாளும் வந்துவிட்டது.

"ஏட்டி, அங்க என்ன நோண்டுத? அப்பாக்க பக்கத்துல வந்து இரி" என்றாள் அம்மா வியாகுலம்மாள். "அவியளும் வியாழக்கிழம முழுக்க அதுலதான் இருந்தாவ. கடைசி ஒண்ணு பாக்கி இருக்குன்னு."

வியாழக்கிழமை ஏற்றிய வீடியோவை பிரிஜா அழுத்தினாள். 'பாகம் 9.'

திரையில் வெள்ளை முக்காடு போட்ட எட்டு வயது பிரிஜா கோவிலுக்குள் நடந்தாள். கறுத்த மீசையோடு யூஜின் குனிந்தார். "மக்கா, மெழுகுவத்திய நேரா பிடி. கையில ஊத்தும்."

வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: முதல் நாற்பது நிமிடம் என் மகளின் புதுநன்மை. கடைசிப் பதினோரு நிமிடம்தான் தொடர். முன்பகுதியை யாரும் நீக்க வேண்டாம்.

பிரிஜா அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

"இது போரும்க்கா. அப்பா பேசுதது மட்டும் வெட்டி எடுக்கட்டா?" என்றான் லிஜோ.

"வெட்டாண்டாம். முழுசும் போடு."

கோவில் மணி அடித்தது. அவள் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். அப்பாவின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஒருபக்கமாகச் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நேராக வைத்தாள்.