அக்கா மாட்டிய ஆக்சில் பூட்

ப்ரீத்தி அக்கா ஜீப் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும். பாறையும் சேறும் அதற்குப் பாதைதான். ஞாயிற்றுக்கிழமை மருங்காபுரிப் பக்கம் கரட்டு நிலத்தில் ஜீப்காரர்கள் கூடி மேடு ஏறப் போகிறார்கள். பெயர் கொடுத்தவர்களில் பெண் அக்கா ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவும்போது, முன்சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்தாள். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "மலரு, போச்சுடி" என்றாள் என்னிடம்.

ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்குள் இருக்கும் கிரீஸ்தான் ஜாயின்ட்டுக்கு உயிர். கிழிந்த பூட்டோடு புழுதியில் ஓட்டினால் மண் உள்ளே போய் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மொத்த வியாபாரம் அவருக்கு. ஜீப் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஏறவில்லை. பூஜை போட்டபோது வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "லோடு வண்டி வாங்கியிருந்தா தொட்டியத்துலேருந்து தாராவது ஏத்திட்டு வரலாம்" என்பார்.

"எலி கடிச்சிருக்கும்," என்றார் இப்போது. "ஸ்ரீரங்கத்து எலி எதையும் விடாது."

"எலி வட்டமா அறுக்குமாப்பா?"

கிழிசல் ஒரே சீராகச் சுற்றி வந்திருந்தது. அக்கா பூட்டுக்குப் பக்கத்தில் கையை விட்டுத் துழாவினாள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்த ஒரு கறுப்புத் திருஷ்டிக் கயிறு கையோடு வந்தது. இரண்டு சோழி, ஒரு படிகாரத் துண்டு. அவிழ்ந்துவிடக் கூடாதென்று கட்டுக்கம்பியால் வேறு முறுக்கியிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிதான், ஆக்சில் சுற்றச் சுற்றப் பூட்டை அறுத்திருக்கிறது. படிகாரம் வாழைநாரில் பொதிந்திருந்தது. முடிச்சு, தார் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு.

நாங்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தெருவைப் பார்த்தார்.

"பூஜைக்கே வராத ஆளு, வண்டிக்கு அடியில எப்பப்பா போனீங்க?"

"மார்க்கெட்ல ஒவ்வொருத்தனும் கேக்குறான், காவேரிப் பாலத்துல ஜீப்பு ஓட்டிட்டுப் போனது உங்க பொண்ணாண்ணேன்னு. அத்தனை கண்ணும் சும்மா விடுமா? வண்டிக்கு முன்னாடி கட்டினா நீ கேலி பண்ணுவ."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமைதான் ஆள் கிடைக்கும் என்றார்கள். "பூட்டு, கிளிப்பு, கிரீஸு மட்டும் குடுங்க. நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை உருவினாள். பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, ஜாயின்ட்டின் குண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தாள். மண் ஏறியிருந்தால் மருங்காபுரி கிடையாது. நானும் குனிந்து பார்த்தேன். மழைக்குப் பிறகு கூழாங்கற்கள் மின்னுவதுபோல அவை மின்னின.

"தப்பிச்சோம்."

புதுப் பூட்டை ஏற்றிக் கிளிப்பை முடுக்கும்போது, யாரும் கூப்பிடாமலே அப்பா வந்து ஆக்சிலைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டியில் கிரீஸ் அப்பியது.

"வேட்டிப்பா!"

"கிடக்கட்டும். இறுக்குடி நல்லா."

ஞாயிறு காலை நாங்கள் கிளம்ப வந்தபோது, அப்பா பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "வெயிலுக்கு முன்னாடி போக வேணாமா?" என்று எங்களையே அதட்டினார்.

மருங்காபுரியில் அந்தச் செம்பாறை மேட்டில் இரண்டு ஜீப்புகள் வழுக்கிப் பின்னால் வந்துவிட்டன. நானும் அப்பாவும் இறங்கிக் கீழே நின்றுகொண்டோம். அடுத்தது அக்கா. அவசரப்படவில்லை. பாதி மேட்டில் ஒரு சக்கரம் ஆகாயத்தில் தொங்கியது. வண்டி ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு பாறையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உச்சிக்கு அந்தப்புறம் மறைந்தது.

"என் பொண்ணு," என்றார் அப்பா பக்கத்திலிருந்த டீக்காரரிடம். "நேத்து ஆக்சிலையே கழட்டி மாட்டுனவ."

"புது வண்டிதானேண்ணே? அதுக்குள்ள எப்படிக் கெட்டுச்சு?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தார்.