ஜூலையில் ஒரு நத்தார் நட்சத்திரம்

ஐறீன் அன்ரிக்குக் காது முற்றாகப் போய்விட்டது. வாய் அசைவைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் மாடிவீடொன்றில் தனியாக இருக்கிறார். மகன் நிக்கலஸ் கிருலப்பனையிலிருந்து வந்து, அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக எங்களிடம் சொன்னான்.

"கதவைத் தட்டினாலும் கேக்காது. என்னெண்டு தனிய விடுறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அன்ரிக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனமே இல்லை.

கீழ்வீட்டு பிறெடிக்குக் கொஞ்சம் மின்வேலை தெரியும். வாசல் மணியை அமத்தினால் முன்னறையில் பல்ப் எரியும்படி செய்தான். அன்ரி பாதி நாள் குசினியில் சமையலோடு நிற்பவர். பல்ப் தன்பாட்டுக்கு எரிந்து அணைந்தது. "பல்ப் சின்னன், அதுதான் தெரியேல்ல," என்ற எதிர்வீட்டு உஷாந்தி, கிறிஸ்மஸ் முடிந்து பெட்டிக்குள் கிடந்த நத்தார் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தாள். குடையளவு நட்சத்திரம். குசினியிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று மணியோடு இணைத்து முன்னறை யன்னலில் கட்டினார்கள். இது உருப்படாது என்று சொல்லிக்கொண்டே நான் ஏணியைப் பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு நிக்கலஸ் வந்து மணியை அமத்தினான். ஜூலை மாதத்தில் நட்சத்திரம் மின்னோ மின்னென்று மின்னியது. அன்ரிக்கு என்னவோ ஏதோ என்று ஒழுங்கையே ஓடிவந்தது. அன்ரி மட்டும் உள்ளே ஆறுதலாக இறால் உரித்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் கட்டுகிற பழக்கத்தில் நட்சத்திரத்தின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தோம். அன்ரிக்குத் தெரிந்தது அதன் மட்டை முதுகுதான்.

"இதுதான் உங்கட கண்டுபிடிப்போ?" என்று நிக்கலஸ் கத்தினான். அப்போதே சொன்னேனே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

உஷாந்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவ காணேல்லத்தான். ஆனா நாங்கள் எல்லாரும் கண்டு ஓடிவந்தனாங்கள்."

பிறெடி நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப அது அப்பிடியே இருக்கட்டும். சுவிச்சை அன்ரியிட்டக் குடுப்பம். ஏதும் எண்டா அவ எங்களைக் கூப்பிடட்டும். வாசல் மணிக்குக் குசினியில ஒரு பல்ப் போதும்."

நிக்கலஸ் கொஞ்சம் யோசித்தான். "சரி. இது சரிவந்தா மம்மி இங்கயே இருக்கட்டும்."

சுவிச்சைக் கட்டில் தலைமாட்டில் பொருத்திப் பூட்டுவதா, குசினியிலா என்று வாதாடத் தொடங்கினோம். அன்ரி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"பாத்ரூமில போடுங்கோ," என்றார். "நிலத்தோட."

"நிலத்தோடயோ? ஏன் மம்மி?"

"பெரிய வெள்ளிக்கு அங்கதான் விழுந்தனான். நீங்கள் எல்லாரும் சேர்ச்சில. பொழுதுபடும் வரைக்கும் கிடந்தனான். கத்தினனான்தான். சத்தம் வெளியில வந்ததோ எண்டு எனக்குத் தெரியேல்ல."

 

நிக்கலஸ் குளியலறைக்குள் போனான். போட்டிருந்த நல்ல சட்டையோடு ஈரத் தரையில் படுத்தான். கையை நீட்டிச் சுவரைத் தொட்டான். "பிறெடி, இதில பூட்டு," என்றான்.

அன்ரி கதவடியில் நின்று பார்த்தார்.

"இன்னும் கீழ, மகன்," என்றார். "என்ர கை அவ்வளவுக்கு எழும்பேல்ல."