தைப்பிங்குக்கு ஒரு கம்பளி

கோர்ட்டுக் கடுதாசி கைக்கு வந்த அன்றே பிச்சைமுத்து போய் மொட்டையடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருளாயிக்குப் பகீரென்றது. வழக்குப் போட்டவளே அவள்தான்.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, இரண்டு பேரும் அடுத்தடுத்த நிலம் வாங்கிக் குடிவந்தார்கள். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதோடு ஆறு வருஷம் ஆகிறது. பிச்சைமுத்து நாலு மாடு கட்டிப் பால் ஊற்றுகிறான். கொட்டகை கழுவுகிற தண்ணீர் அத்தனையும் இருளாயியின் சமையல்கட்டு வாசலில் வந்து தேங்கும். "கால்வாய் வெட்டுடா தம்பி" என்று இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தாள். "வெட்டுறேங்க்கா, தீபாவளி கழியட்டும்" என்பான். எந்தத் தீபாவளி என்று சொல்லமாட்டான். போலீசுக்குப் போனாள், இது எங்கள் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஈப்போவில் லாயர் ஜெயபாலன், இது சிவில் கேஸ் என்று ஏதேதோ விளக்கி வழக்குப் போட்டுத் தந்தார். இருளாயி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

"என்னடா தம்பி மொட்டை?"

"ஜெயிலுக்கு உள்ள போனா அவனே அடிச்சி விட்டுருவானாம்க்கா. சன்னாசி அண்ணன் சொன்னாரு. நாமளே அடிச்சிட்டுப் போனா மரியாதையா இருக்கும்லா."

சன்னாசி சம்சு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சி, தைப்பிங் ஜெயிலில் ஆறு மாதம் இருந்து வந்தவர். கோர்ட்டு விஷயம் என்றால் அந்த வட்டாரமே அவரிடம்தான் கேட்கும். சாயங்காலம் தன் கம்பளியோடு வந்தார்.

"தைப்பிங்ல நித்தம் மழை. இது இல்லாம தாங்கமாட்ட. அப்புறம், பேரைக் கூப்பிட்ட உடனே மலாயில 'சாலா துவான்', தப்புதான் ஐயான்னு ஒத்துக்க. முழிச்சிக்கிட்டு நின்னா ஜட்ஜு ரெண்டு மாசம் கூடப் போட்டுருவான்."

ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்துவின் பெண்சாதி செல்லாயி கோழி அடித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் சாப்பாடு போட்டாள். இருளாயி வீட்டுக்கும் அவளே ஒரு சட்டி கொண்டுவந்தாள்.

"எனக்கு எதுக்குடி?"

"அவருதான் குடுக்கச் சொன்னாரு. உங்க மேல கோவமே இல்லையாம்."

இருளாயி சட்டியை வாங்கித் திறக்காமலே அடுப்படியில் வைத்தாள். பின்னாலேயே பிச்சைமுத்துவும் வந்து நின்றான்.

"நான் வர்ற வரைக்கும் நீங்கதான்க்கா மாட்டைக் கறக்கணும். செவலை இவளை உதைக்குது. உங்க கைக்குத்தான் அடங்கும்."

"எத்தனை மாசம்டா?"

"ஆறுன்னாரு சன்னாசி அண்ணன்."

அவனை உள்ளே அனுப்ப மனசில்லை. சாணித் தண்ணீரில் நின்று சோறாக்கவும் மனசில்லை. என்ன ஆனாலும் இவனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருளாயி ஈப்போ பஸ் ஏறினாள். அவன் அடுத்த சீட்டில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் பிச்சைமுத்து எழுந்து, "சாலா துவான்" என்றான்.

மாஜிஸ்திரேட் மொட்டையைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், லாயரைப் பார்த்தார்.

இருளாயியும் எழுந்துவிட்டாள். "ஐயா, இவனை ஜெயில்ல போட்டுறாதீங்க. அப்புறம் மாட்டை நான்தான் கறக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் இதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள்.

வராந்தாவில் பிச்சைமுத்து, சன்னாசி சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். லாயர் அவனிடம் கேட்டார்: "சன்னாசி மேல கேஸ் போட்டது யாரு?"

"கவர்மெண்டு."

"விட்டுடுங்கன்னு நீங்க போய்ச் சொன்னா விட்டிருப்பானா?"

"எப்படி விடுவான்?"

"அது கிரிமினல். இங்க கவர்மெண்டே கிடையாது. இந்த அம்மாவும் நீங்களும்தான். யாரும் உங்களைக் குத்தவாளின்னு சொல்லல. தண்ணியை நிறுத்துன்னு அவங்க கேக்குறாங்க, அவ்வளவுதான். கேஸ் அவங்களோடது. வேணாம்னா வாபஸ் வாங்கிக்கலாம்."

"அப்ப ஜெயிலு?"

"இதுக்கு ஏதுங்க ஜெயில்?"

பிச்சைமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான். மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அப்ப, தீபாவளி கழிச்சே வெட்டிக்கலாம்லா அக்கா."

இருளாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "லாயர் சார், வாபஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்க உள்ள போலாம்."

"அக்கா, அக்கா, சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

இரண்டு வாரத்தில் கால்வாய் என்று லாயர் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாஜிஸ்திரேட் அதையே உத்தரவாக்கினார். படியிறங்கும்போது லாயர் பிச்சைமுத்துவின் தோளைத் தொட்டார்.

"இது இப்ப கோர்ட்டு உத்தரவு. இதை மீறினீங்கன்னாதான் அந்தக் கம்பளிக்கு வேலை வரும்."

மறுநாள் விடிந்ததும் வேலியோரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இருளாயி சமையல்கட்டு வாசலில் காப்பியோடு நின்று, "இன்னும் ஆழமா வெட்டுடா தம்பி" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சன்னாசி வந்தார்.

"அதான் ஜெயில் இல்லேன்னு ஆயிருச்சே. கம்பளியைக் குடு."

பிச்சைமுத்து நிமிர்ந்து, வெட்டியதைப் பார்த்தான். இன்னும் வெட்ட வேண்டியதையும் பார்த்தான்.

"கால்வாய் முடியட்டும்ணே," என்றான். "அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."