இடக்கைச் சோறு

வலது கையை உறைக்குள் விட்டு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் குணசேகரனுக்கு மூச்சு முட்டும். நல்ல கை அது. அதைப் பஞ்சு உறைக்குள் பூட்டிவிட்டு, செத்த இடது கையால் எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். விழித்திருக்கிற நேரமெல்லாம் உறை கழலக் கூடாது.

குன்றாண்டார்கோவில் பக்கம் கல்குவாரியில் டிப்பர் ஓட்டியவன். பக்கவாதம் இடது பக்கத்தை இழுத்துப் போட்டது. கால் ஓரளவு வந்துவிட்டது. கை வரவில்லை. கியர் போடுகிற கை. அது இல்லாதவனை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவான்? அவன் டிப்பரில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான்.

புதுக்கோட்டையில் ஒரு மையத்தில் வைத்தியம். தலையின் வலப்பக்கத்தில் ஒரு மின்காந்த வளையத்தை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துவது மாதிரி டக் டக்கென்று அடிக்கும். சில அடிக்கு இடது கட்டைவிரல் தானாகத் துள்ளும். தன் விரல் தன்னைக் கேட்காமல் துள்ளுவதைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருக்கும். அது முடிந்ததும், கைப்பயிற்சி கொடுக்கிற இலக்கியா டம்ளரையும் கோலிக்குண்டையும் மேசையில் பரப்புவாள். ஊருக்குள், "குணசேகரனுக்கு மண்டையில கரண்டு வைக்கிறாங்களாம்" என்று பேச்சு.

அன்றைக்கு டம்ளர் மறுபடியும் நழுவியது.

"போன வாரம் எப்படியோ அப்படியேதாண்ணே இருக்கு. வீட்ல உறையக் கழட்டுறீங்களா?" என்றாள் இலக்கியா.

"சத்தியமா இல்லம்மா." அது உண்மை.

"சாப்பாடு?"

"இந்தக் கையாலதான்."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி அமுதவல்லி தரையைப் பார்த்தாள். இலக்கியா தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு இட்லியை எடுத்து வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே, பாப்போம்."

விரல்கள் இட்லியின் மேல் போய் உட்கார்ந்தன. அவ்வளவுதான்.

"நாந்தான் மேடம் ஊட்டிவிடுறேன்," என்றாள் அமுதவல்லி. "எடக்கையாலயா சோறு திங்கிறது? கால் கழுவுற கை அது. பாக்குறவங்க காறித் துப்ப மாட்டாங்களா?"

"மெஷினு மூளைய உசுப்பித்தான் விடும்க்கா. வேலை செஞ்சாத்தான் கை படிக்கும். அந்தக் கை பாக்க வேண்டிய வேலையப் பூராவும் நீங்க பாத்துட்டு வாறீங்க." இலக்கியா டப்பாவை மூடினாள். "மாசக் கடைசியில டாக்டர் பாப்பாரு. இப்படியே இருந்தா வைத்தியத்த நிறுத்திருவாங்க. அப்புறம் நான் சொல்லியும் நடக்காது."

அன்று மதியம் அமுதவல்லி தட்டை வைத்துவிட்டு வாசல் கதவைத் தாழ் போட்டாள். சன்னலையும் சாத்தினாள். இருட்டுக்குள் அவன் இடது கையால் தின்றான். பாதி தரைக்குப் போனது. தினமும் அப்படியே நடந்தது. சோறு என்றால் கதவு சாத்துகிற சத்தம் என்றாயிற்று. ஆனாலும் கடைசியில் விரல்கள் கொஞ்சம் குவிய ஆரம்பித்தன.

அந்தச் சமயம் பார்த்து அவன் அக்கா மகளுக்குப் பொன்னமராவதி மண்டபத்தில் காதுகுத்து வந்தது. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. பிள்ளையை மடியில் வைத்துக் குத்தி முடித்ததும் அக்கா புருசன் அடைக்கலம் உறையைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, யாரோட குஸ்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமன் என்று முதல் பந்தியில் நடுவில் உட்கார வைத்தார்கள். இலையில் சோறு விழுந்தது.

"அவுத்துட்டுச் சாப்பிடு மாப்ள. ஒரு வேளைதான?" என்றான் அடைக்கலம்.

அமுதவல்லி பின்னாலிருந்து குனிந்தாள். "ஏங்க, அந்த ரூமுக்கு வாங்க. ஊட்டிவிடுறேன். இங்கிட்டு வேணாம்."

பட்டையைப் பல்லால் இழுத்தால் கழன்றுவிடும். உறைக்குள் வலது கை வியர்த்து ஊறியது. இன்றைக்குக் காதுகுத்து, நாளைக்கு ஒரு கல்யாணம், அப்புறம் ஒரு கருமாதி. அவிழ்ப்பதற்கு ஊரில் காரணமா இல்லை? அவன் இடது கையை இலையில் வைத்தான்.

எதிர் வரிசையில் ஒரு பெரியவர் பிசைவதை நிறுத்தினார். பக்கத்து இலைக்காரர் தன் இலையைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டார். குணசேகரன் விரல்களைக் குவித்தான். தூக்கினான். வழியிலேயே விரிந்து வேட்டியில் கொட்டியது. வாயைக் கீழே கொண்டுபோனான். நாலு பருக்கை ஏறியது.

பந்தியில் தாய்மாமன் எழுந்திருக்காமல் மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பாயசம் முடிந்தது, மோர் முடிந்தது, இலைகளை மடித்தார்கள். எச்சில் கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் பிடித்தபடி நின்றார்கள்.

"மாப்ள, எலைய மடி. சனம் காத்துக் கெடக்குல்ல?"

"இன்னும் ரசத்துக்கே வரல மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் முதலில் எழுந்தார். பிறகு வரிசையே எழுந்தது. துடைத்துப் புது இலை போட்டார்கள், அவன் இடத்தைத் தவிர. புது ஆட்கள் உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள்.

அமுதவல்லி வந்தாள். அவள் கை இலைக்கு நீண்டது. இனி வாய்க்கு வரும் என்று அவன் தாடையை இறுக்கிக்கொண்டான். இலையில் சிதறிக் கிடந்த சோற்றை அவள் ஒன்றாகக் கூட்டி, இடது கைக்கு எட்டுகிற பக்கம் தள்ளி வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"தின்னுங்க," என்றாள். "வெரசாத் தின்னுங்க. எல்லாரும் பாக்குறாங்க."