கார் பேச வேண்டாம்

தம்பி கிஷோருக்கு, சந்தியா அக்கா எழுதுவது.

நாளைக் காலை புனேயிலிருந்து வந்ததும் சித்தூரில் கார் பேசி, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்து பிரித்திகாவையும் பாப்பாவையும் அழைத்துப்போகப் போவதாக எங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போனில் பேசினால் நீங்கள் கோபப்படுவீர்கள், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பிரசவமான மூன்றாம் வாரம், சுவரைப் பார்த்தே படுத்திருந்த என் தங்கையை நீங்கள் லீவில் வந்து சித்தூர் டாக்டரிடம் காட்டினீர்கள். மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் எழுந்துவிட்டாள். கங்காதர நெல்லூரில் அம்மா வீட்டை முழுக்கக் கழுவினாள். பரண் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கினாள். "பழைய பிரித்தி வந்துட்டாக்கா" என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அம்மா திருச்சானூர் தாயாருக்கு வேண்டியிருந்தாள். "தாயாரு கண்ண தொறந்துட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை. காரணம் கீழே எழுதியிருக்கிறேன். அவள் தூங்கும் நேரத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவந்தேன். திங்கள் மூன்று மணி நேரம், புதன் இரண்டு, வியாழன் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, எனக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறியா?"

"கொஞ்சம் தூங்குடி."

"தூங்கறவங்க தூங்கட்டும். எனக்கு ஒடம்புல கரெண்ட் ஓடிக்கினு கீது."

"நல்லா துன்னுது, சிரிச்சிப் பேசுது. உனக்கு இன்னாடி கொற?" என்றாள் அம்மா.

நேற்று வெள்ளிக்கிழமை, வேண்டுதல் முடிக்கத் திருச்சானூர் போனோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ராமகுப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை என்றாள். பிரித்திகா பாப்பாவை அவள் கையில் வைத்தாள்.

"வச்சிக்கோ. எனக்கு இன்னும் எத்தினியோ பொறக்கும். தாயாரே சொல்லிட்டா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவள் வரிசையை விட்டு வெளியே நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாப்பாவை வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண் தெலுங்கில் கதறினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். நான் ஓடிப்போய், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே சாலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன். அப்படியே ஒரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். உங்களைக் கேட்காமல் சேர்த்தது நான்தான்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்தாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இதே கேள்வியைச் சித்தூர் டாக்டரும் கேட்டார். அன்று நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். "இல்ல சார்" என்று சொன்னேன். நேற்றும் அழுத்தினாள். கையை உருவிக்கொண்டு, "இருந்தா மேடம்" என்றேன்.

டிகிரி இரண்டாம் வருஷம் பன்னிரண்டு நாள் தூங்காமல் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தாள். பிறகு ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. பரீட்சை பயம் என்று ஊருக்குச் சொன்னோம். பெண் பார்க்க வந்தபோது உங்களிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

இதன் பெயர் பைபோலார், மனம் ஒருசமயம் அளவுமீறித் துள்ளி ஒருசமயம் படுத்துவிடும் நோய் என்றும், பிரசவத்துக்குப் பிறகு கிளம்பக்கூடியது என்றும் டாக்டரம்மா சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்குச் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை இந்தத் துள்ளும் பக்கம் தள்ளிவிடுமாம். முன்கதை தெரிந்திருந்தால் அந்த டாக்டர் வேறு விதமாகக் கொடுத்திருப்பார். ஆகவே தப்பு அவர்மேல் இல்லை. நான் சொன்ன ஒரு "இல்ல"தான்.

குறைந்தது இரண்டு வாரம் இங்கே இருக்க வேண்டும். ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று அம்மா சொன்னதை நம்பாதீர்கள். பிரித்திகாவும் உங்களைப் பார்த்ததும் நன்றாகச் சிரிப்பாள், நன்றாகப் பேசுவாள், கிளம்பலாம் என்பாள். அதையும் நம்பாதீர்கள். எனக்குப் பயமே அந்தச் சிரிப்புதான்.

நேற்று ஊசிக்குப் பிறகு ஐந்து மணி நேரம் தூங்கினாள். விழித்ததும் படுக்கையைத் தடவினாள்.

"அக்கா, பாப்பாவ யாருகிட்டனா குடுத்துட்டனா?"

பாப்பாவை மடியில் வைத்தேன். அரை நிமிஷம்கூட இல்லை. "நீயே வச்சிக்கோக்கா. எனக்கு பயமா கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறைத்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். நாளை கட்டாயம் வாருங்கள். ஆனால் கார் பேச வேண்டாம். பஸ்ஸில் வாருங்கள். இரண்டு வாரம் தங்குகிற மாதிரி துணிமணி எடுத்து வாருங்கள்.

சந்தியா