நாலடிக் குழாய்

கைப்பிடி வைத்த எந்தப் பொருளைக் கண்டாலும் அவளுடைய கணவருக்குக் கை பரபரக்கும். ஏழு வாடகை வீடு மாறிய குடும்பம், எல்லாமே போர்ட்டபிளாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. போர்ட்டபிள் டிவி, போர்ட்டபிள் தையல் மெஷின், போர்ட்டபிள் ஏர்கூலர். அந்தத் தையல் மெஷினை மாடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. போர்ட்டபிள் என்று சொன்னது அவர், தூக்கிச் சுமந்தது அவள்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்கு நுரையீரல் மக்கர் செய்து இரண்டு வருஷமாகிறது. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு நீளக் குழாய். குழாய் சமையலறை வரை எட்டும், வாசலுக்கு எட்டாது. அவரைத் தனியே விட முடியாமல் அவளும் வீட்டோடு வீடாகிப்போனாள். இரண்டு தெரு தள்ளி மகள் ஸ்டேஷனரி கடை திறந்து எட்டு மாதம். அந்தக் கடையைப் பெற்றவள் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த மகள்தான் தோளில் மாட்டுகிற சின்ன ஆக்சிஜன் மெஷினை வாங்கி அனுப்பினாள். மூன்று மணி நேரம் பேட்டரி தாங்கும். குழாய் நாலடி. ஆசையாக மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"நீங்க தூக்காதீங்க சார், கூட வர்றவங்க தூக்கட்டும்" என்றார் மெஷினைக் கொண்டுவந்தவர்.

"கயித்துல கட்டின கன்னுக்குட்டியா நான்?" என்று அதைக் கழற்றி வைத்தவர், இரண்டு வாரம் தொடவில்லை.

அன்று காலை அவளுக்குப் பொறுக்கவில்லை. "தூக்கப்போறது நான். உங்களுக்கு என்ன கௌரவம் குறையுது? பெத்த பொண்ணு கடைய நான் கண்ணால பாக்க வேணாமா?"

அவர் சட்டையை எடுத்து மாட்டினார், அவள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும்தான் கூத்து. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். கால் பழக்கத்தை விடுமா? நாலாவது எட்டில் குழாய் விறைத்து மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவர் திரும்பினார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள். குழாயை மாட்டிக்கொண்டு, "பக்கத்துலயே வா" என்றார். நின்று நின்று நடந்தார்கள்.

கடையில் மகள் அப்பாவுக்கு நாற்காலி போட்டாள். "மெஷின அப்பாகிட்ட வெச்சுட்டு நீ உள்ள வந்து பாரும்மா." நியாயமான பேச்சு. அவள் தோள்வாரைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதே, நானும் வர்றேன்" என்று எழுந்தார் அவர்.

அவள் நோட்டுகளைத் தடவிப் பார்த்தாள், அவர் நின்றார். பேனா பெட்டியைத் திறந்தாள், நின்றார். பின்னறைக்குப் போனாள், கூடவே வந்தார்.  அவளுக்குச் சந்தோஷம்தான், வேறென்ன. எல்லாவற்றையும் பார்த்து நோட்டுகள் பக்கம் திரும்பி வந்தாகிவிட்டது. அவருக்கு இரைத்தது.

"போலாமா?" என்றாள்.

"நீ பாத்து முடிச்சிட்டியா?"

இத்தனை வருஷத்தில் அவளை அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

"நாற்காலிய மட்டும் இங்க போடும்மா" என்று மகளிடம் சொல்லி அவரை உட்காரவைத்தாள். பிறகு, "இன்னும் இல்ல" என்று நோட்டுகளை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.