நிற்காத வண்டி

பனந்தாங்கல் ஹால்ட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒற்றை லைன், ஒரு மேடை, ஒரு வேப்பமரம், டிக்கெட் கொடுக்க நான். பெயர் துரைக்கண்ணு. ரயில்வே ஆள் இல்லை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற ஏஜென்ட். வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு துரை இங்கே கொக்கு சுட வருவாராம். அவருக்காக நிற்க ஆரம்பித்த வண்டி, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கதோஷத்தில் நிற்கிறது என்பார்கள். நாளைக்கு எட்டு வண்டி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். நடுவில் தடதடவென்று போகிற கூட்ஸை எல்லாம் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். நிற்காததை நான் வண்டி என்றே சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் ஒரு ஆளைக் கொன்றது.

மணியம்மாள் காலையில் காஞ்சிபுரம் போய், ஒரு பட்டுக்காரர் வீட்டில் நூல் இழைத்துவிட்டு ஐந்தரை வண்டியில் திரும்புவாள். இறங்கியதும் வீட்டுக்குப் போக மாட்டாள். செங்கல்பட்டிலிருந்து வருகிற ஆறு பத்து வண்டிக்காக வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அது வந்து, நின்று, போன பிறகுதான் எழுவாள். அவள் புருஷன் பழனி அந்த வண்டியில் திரும்பியிருக்க வேண்டியவர்.

2020 மார்ச்சில், பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் சேர்த்திருந்த மகள் சுகாசினியைப் பார்க்க அவர் கிளம்பினார். என்னிடம்தான் போக வர டிக்கெட் வாங்கினார். மறுநாள் கொரோனாவுக்காக நாடு முழுக்க ரயில் நின்றது, அடுத்து பஸ்ஸும். நாலாம் நாள் லைன் மேலேயே நடந்து வந்தவரை ஒரு வளைவில் கூட்ஸ் அடித்துப் போட்டது. ஹாரன் அடித்தும் ஆள் விலகவில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். ஊருக்கு அது போதாதா? கிளம்புகிற அன்று மணியம்மாள், "அங்கியே கெட, திரும்பி வராத" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருந்தது. பொண்டாட்டி பேச்சு பொறுக்காமல் போய் விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் அதை நம்பினாள்.

உண்மை எனக்குத் தெரியும். சாவதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி வாட்ச்மேன் போனிலிருந்து பழனி என்னைக் கூப்பிட்டார். ரோட்டில் போனால் போலீஸ் அடிக்கிறது, எப்படி வருவது என்று கேட்டார். நான் டிவி பார்த்துக்கொண்டே, "லைன்ல நடந்து வாப்பா, ஒரு வண்டிகூட ஓடல" என்றேன். அரிசி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர் என்னை நம்பி, வெயிலுக்குத் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

ஹால்ட்டை மறுபடி திறந்த முதல் நாள், ஆறு பத்து போனதும் கவுன்டர் ஜன்னல் இருண்டது. யாரோ டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று நிமிராமலே கை நீட்டினேன். அட்டை டிக்கெட் ஒன்று உள்ளங்கையில் பட்டது. வெயிலில் கிடந்த தண்டவாளம் மாதிரி சுட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் ஆளில்லை, கையில் டிக்கெட்டும் இல்லை. மறுநாளும் அப்படியே. எலுமிச்சம்பழம் கட்டினேன், காமாட்சியம்மன் குங்குமம் பூசினேன், ஜன்னலைச் சாத்தியும் பார்த்தேன். சாத்தினால் பழனி கோபிக்காமல் வெளியே நிற்கிறார். அவர் நிற்பது எனக்குத் தெரிகிறது, பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மணியம்மாளுக்குத் தெரியவில்லை. பயத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் ஒருநாள், ஆறு பத்து போன பிறகு அவள் கவுன்டருக்கு வந்தாள்.

"அண்ணே, சுகாசினி நேத்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. நீ பேசின பேச்சுக்குத்தான் அப்பா போய் வுழுந்தாருன்னு. நீதான அவுருக்குக் கடைசியா டிக்கெட் குடுத்த. சாவப் போற மூஞ்சியாவா இருந்துச்சு?"

எத்தனையோ தடவை, எனக்கென்னம்மா தெரியும் என்று தள்ளிவிட்டிருக்கிறேன். அன்று ஜன்னலில் அவளுக்குப் பின்னால் இன்னொரு நிழல் விழுந்திருந்தது. என் கை சுட்டது.

"வுழுவலம்மா" என்றேன். "எனக்குப் போன் பண்ணாரு. நான்தான் லைன்ல நடந்து வரச் சொன்னேன். வண்டி ஓடலன்னு சொன்னேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல வேற என்னா சொன்னாரு?"

"மணியம்மா தனியா இருக்குது, நாளைக்குள்ள வந்துடணும்னாரு."

"அப்ப வீட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்தாரு" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு அழுதாள், அவர் அன்றைக்குத்தான் செத்தது போல. நானும் அழுதேன், ஆனால் எனக்கு அதற்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெனம் உன் எதிர்லதானண்ணே உக்காந்துக்கினு இருந்தேன்?"

அவள் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பெஞ்சில் உட்காருவதில்லை. இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகிறாள். சுகாசினியையும் ஒரு நாள் கூட்டிவந்து, என் ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னாள்.

ஜன்னல் இப்போது இருளுவதில்லை. தொலைந்தது என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம் செங்கல்பட்டுப் பக்கம் பார்த்தபோது, தூரத்தில் லைன் மேல் தலையில் துண்டு கட்டிய ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். நடக்கிறார், கிட்டே வருவதேயில்லை. அவருக்குப் பின்னால் ஹாரன் கேட்டது.

எந்தக் கூட்ஸ் எத்தனை மணிக்கு வரும் என்று இப்போது எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றுக்கும் டிக்கெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேடையின் கோடிக்கு ஓடுகிறேன். நிற்கிற ஜனங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, இரண்டு கையையும் ஆட்டிக் கத்துகிறேன்.

"எறங்குப்பா பழனி, வண்டி வருது."